பழைய சின்ன டிராக்டர்: பெட்ரோலா, டீசலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் "சும்மா கூட வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. பெட்ரோலில் ஒன்று, டீசலில் ஒன்று என்று இரண்டு சின்ன டிராக்டர்களை வைத்து ஓட்டி, இரண்டையும் பிரித்து மாட்டிக் கை கறுத்தவன், அவ்வளவுதான். போகிற வழியில் வரும் சந்தேகங்கள் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. வெளிநாட்டு விளம்பரத்துல "கேஸ் டிராக்டர்"னு போட்டிருக்கான். சிலிண்டர் கேஸ்லயா ஓடும்?

இல்லை. அமெரிக்காவில் பெட்ரோலுக்கு "கேசலின்" என்று பெயர், பேச்சில் அது "கேஸ்" ஆகிவிடும். ஆகவே அது சாதாரண பெட்ரோல் டிராக்டர். நிஜமாகவே எல்பிஜியில் ஓடும் டிராக்டர்களும் 1950, 60களில் அங்கே விற்றன. அவற்றை "எல்பி" என்று தனியாகக் குறிப்பிடுவார்கள், தடித்த உருளைத் தொட்டி ஒன்றும் பார்த்ததுமே தெரியும்.

2. ரெண்டுக்கும் அடிப்படையில என்னதான் வித்தியாசம்?

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போகும், பிளக் பொறி வைத்துப் பற்ற வைக்கும். டீசலில் பிளக் கிடையாது. காற்று மட்டும் உள்ளே போகும். அதை 16 முதல் 23 மடங்கு வரை அமுக்கும்போது சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய பெட்ரோல் டிராக்டரில் இந்தக் கம்ப்ரஷன் சுமார் 6 மடங்குதான்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் டீசல் இன்ஜின் கனமாக, தடிப்பாக இருக்கும். அமுக்கிய காற்றுக்குள் டீசலைத் தள்ள நுணுக்கமான பம்ப்பும் நாசிலும் வேண்டும், அவை விலை கூடியவை. பெட்ரோலில் அந்த இடத்தில் இருப்பது ஒரு கார்பரேட்டர், ஒரு காயில், நாலைந்து ஒயர்.

3. சந்தையில சின்ன டிராக்டர்னு என்னென்ன கிடைக்கும்?

மூன்று கூட்டம். முதலாவது, பழைய காலத்துச் சாம்பல் நிறக் கிழவர்கள். ஃபோர்டு 8என் 1947 முதல் 1952 வரை வந்தது, பெட்ரோல். ஃபெர்குசன் டிஇ20 1946 முதல் 1956 வரை, முதலில் பெட்ரோல். டீசல் 1951இல் சேர்ந்தது. இரண்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை. அதனால்தான் இன்றும் உயிரோடு கிடைக்கின்றன, உதிரிபாகமும் கிடைக்கிறது.

இரண்டாவது, 1970களுக்குப் பிறகு வந்த ஜப்பானியச் சின்ன டீசல்கள்: குபோட்டா, யான்மார், இசெக்கி. 15 முதல் 25 குதிரைசக்தி, இரண்டு அல்லது மூன்று சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. யான்மார் 1933லேயே சின்ன டீசல் இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனி. இந்தக் கலையில் அவர்களுக்கு நீண்ட பழக்கம். ஜப்பானிலேயே ஓடிப் பழசாகி ஏற்றுமதியான வண்டியானால் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். அதில் பி.டி.ஓ.வுக்கே (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) மூன்று கியர் வரை இருப்பது உண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்றுக்குச் செய்த கருவியைத் தெரியாமல் மூன்றாவது கியரில் போட்டு உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, புல்வெட்டும் டிராக்டர்கள். காற்றில் குளிரும் பெட்ரோல் இன்ஜின், லேசான கியர்பெட்டி. அதை வைத்து உழ நினைக்காதீர்கள்.

4. டீசல்தான் செலவு கம்மின்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?

எண்ணெய்ச் செலவில் நிஜம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் சக்தி இருக்கிறது. அதற்கு மேல், கிடைத்த சக்தியை இழுவையாக மாற்றுவதிலும் டீசல் கெட்டி. குறிப்பாக அரைச் சுமையில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜின் காற்று வழியான த்ராட்டிலை மூடிக்கொண்டு மூச்சுத் திணறியபடி வேலை செய்யும். டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணக்குக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 20 குதிரைசக்தி வண்டி நடுத்தர வேலையில் டீசலில் மணிக்கு 3 லிட்டர் குடித்தால், அதே வேலைக்குப் பழைய பெட்ரோல் வண்டி 4 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மணிக்கு ஒரு லிட்டர் வித்தியாசம். வருஷத்துக்கு 60 மணி நேரம் ஓட்டினால் 60 லிட்டர் மிச்சம், 500 மணி நேரம் ஓட்டினால் 500 லிட்டர். உங்கள் பக்கத்து விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

5. அப்போ வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினா டீசல் லாபம்?

இதுதான் உண்மையான கேள்வி. ஆனால் பத்துப் பேரில் ஒருவர்தான் இதைக் கேட்கிறார். மற்ற ஒன்பது பேரும் "எது நல்லது?" என்கிறார்கள்.

என் கைக்கணக்கு: வருஷத்துக்கு 100 மணி நேரத்துக்குக் கீழே என்றால் எரிபொருளை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மிச்சமாகும் எண்ணெயைப் பல வருஷம் சேர்த்து வைத்தாலும் ஒரு டீசல் பம்ப் வேலை அதை ஒரே நாளில் விழுங்கிவிடும். 200 மணி நேரத்தைத் தாண்டினால் டீசலைத் தேடுங்கள். நடுவில் இருப்பவர்கள் எந்த வண்டி நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

மணி நேரத்தைக் கூட்டிச் சொல்வது மனித சுபாவம். நண்பர் ஒருவர் "வருஷம் 300 மணி நேரமாவது ஓட்டுவேன்" என்று டீசல் எடுத்தார். முதல் வருஷக் கடைசியில் மீட்டரைப் பார்த்தோம்: 41. போன வருஷம் எந்தெந்த வேலைக்கு எத்தனை நாள் வாடகை வண்டி கூப்பிட்டீர்கள் என்று நாட்காட்டியை வைத்து எண்ணிப் பாருங்கள். அதுதான் சரியான எண்.

6. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட ரெண்டு மடங்கு உழைக்கும்ங்கிறாங்க.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பொதுவாக அப்படித்தான். தண்ணீரில் குளிரும் சின்ன டீசல் பல ஆயிரம் மணி நேரம் பெரிய வேலை இல்லாமல் ஓடும். காற்றில் குளிரும் சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஆயிரத்துச் சொச்சம் மணி நேரமே நல்ல வயது. ஆனால் நீங்கள் வாங்குவது புது இன்ஜின் இல்லை. இன்னொருவர் ஏற்கெனவே பாதியைத் தின்றுவிட்ட ஆயுளின் மிச்சத்தைத்தான் வாங்குகிறீர்கள். 4,000 மணி ஓடிய டீசலும் 400 மணி ஓடிய பெட்ரோலும் எதிரெதிரே நின்றால் "டீசல் உழைக்கும்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று. ஃபோர்டு 8என் மாதிரிப் பழைய பெட்ரோல் இன்ஜின்கள் மெதுவாகச் சுற்றும் கனத்த வார்ப்பிரும்பு. அவற்றைப் புல்வெட்டி இன்ஜினோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

7. ரெண்டும் ஒரே குதிரைசக்திதான். டீசல் மட்டும் ஏன் திணறாம இழுக்குது?

குதிரைசக்தி என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வரும் எண். டீசல் அந்த எண்ணைக் குறைந்த சுற்றிலேயே, கூடுதல் இழுவையோடு எட்டும். கலப்பை கெட்டி மண்ணில் மாட்டிச் சுற்று இறங்கும்போது கவர்னர் (சுற்றைச் சீராக வைக்கும் அமைப்பு) கூடுதல் டீசலைத் தள்ளும், இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும். பெட்ரோல் வண்டியில் அதே இடத்தில் கியரை இறக்க வேண்டியிருக்கும்.

எடையும் ஒரு காரணம். டீசல் வண்டி கனம் என்பதால் சக்கரம் சறுக்குவது குறைவு. நீங்கள் பார்த்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இன்ஜினுடையதே இல்லை, இரும்பின் கனம். பெட்ரோல் வண்டியின் பின்சக்கரத்தில் எடைத் தட்டு மாட்டினால் அந்தப் பங்கை ஈடுகட்டிவிடலாம்.

8. நாங்க ரெண்டு நாள் ஓட்டி ஆறு மாசம் கொட்டகையில போட்டுடுவோம். எது தாங்கும்?

பெட்ரோல் சீக்கிரம் கெடும். சில மாதங்களிலேயே லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலானால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் ஊதவைக்கும். முதன்முதலாக என் பெட்ரோல் வண்டியின் கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய வார்னிஷ் வாடை. மெயின் ஜெட் துளை வழியாக வெளிச்சமே தெரியவில்லை. ஒரு ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்தித் துடைத்தேன், ஒரு மணி நேர வேலை. நிறுத்தும் முன் டாங்க் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விட்டால் இந்த வேலையே வராது.

டீசல் மெதுவாகக் கெடும், ஆனால் கெட்டால் செலவு பெரிது. பாதி டாங்கில் காற்று குளிர்ந்து நீர்த்துளி படியும். தண்ணீர் அடியில் தங்கும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரைத் தாண்டித் தண்ணீர் பம்ப்புக்குப் போனால் உள்ளே துரு. டாங்க்கை நிரப்பி வைப்பது, ஃபில்டர் அடிக்கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுவது, இரண்டும் போதும். செய்ய மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் பெட்ரோல் வாங்குங்கள். கவனக்குறைவுக்கு அது வசூலிக்கும் அபராதம் சின்னது.

9. குளிர்ல டீசல் ஸ்டார்ட்டே ஆகாதாமே?

நல்ல டீசல் ஸ்டார்ட் ஆகும். எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். ஹீட்டர் பிளக் (பொறி வைக்கும் பிளக் இல்லை, உள்ளே சூடாக்க மட்டும்) உள்ள வண்டியில் சாவியை முதல் நிலையில் 10 முதல் 20 விநாடி பிடித்துவிட்டு அப்புறம் செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி மட்டமாக இருந்தால் இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றாது, காற்று சூடேறாது, நாள் முழுக்க அடித்தாலும் வெறும் வெள்ளைப்புகைதான். சில மாடல்களுக்கு இது பிறவிக் குணம்: மாஸி ஃபெர்குசன் 35இன் ஆரம்பகால 4 சிலிண்டர் டீசல் குளிரில் அடம்பிடிப்பதற்குப் பேர்போனது. பிறகு வந்த 3 சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின்தான் அந்த வண்டியின் பெயரைக் காப்பாற்றியது.

உறைநிலைக்குக் கீழே போகும் இடங்களில் சாதாரண டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைபடும். அங்கே குளிர்கால டீசலே தனியாக விற்பார்கள். ஸ்டார்ட் ஆகவில்லையே என்று ஈதர் ஸ்பிரேயை மட்டும் கண்டபடி அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் பிஸ்டனே உடையலாம்.

10. விக்கிறவர் "ஒரே செல்ஃப்ல புடிக்குது பாருங்க"ன்னு காட்டினார். போதாதா?

நீங்கள் போவதற்கு முன்பே அவர் ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கியிருந்தால் எந்தக் கிழட்டு இன்ஜினும் ஒரே செல்ஃபில் பிடிக்கும். போனதும் கைகுலுக்கும் முன் செய்ய வேண்டியது, சைலன்சர் அடிக்கிளையிலும் ரேடியேட்டர் மேல்பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பது. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் ஒரு டீசல் பார்க்கப் போனோம். பானட் மேல் பனித்துளி நின்றிருந்தது, நடுவில் மட்டும் கையகலத்துக்குக் காய்ந்த இடம். அடியில் தொட்டால் வெதுவெதுப்பு. "காலையில தள்ளி நிறுத்துறதுக்காக ஸ்டார்ட் பண்ணினேன்" என்றார். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் போய், ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம். பதினொரு தடவை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை.

தேய்ந்த டீசலைக் காட்டிக்கொடுப்பது குளிர்ந்த ஸ்டார்ட்தான், வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடில்லை. கம்ப்ரஷன் இறங்கிய இன்ஜினில் காற்று சூடேறுவதில்லை (கேள்வி 2). பெட்ரோல் வண்டியில் பிளக் இருப்பதால் இந்தச் சோதனை அவ்வளவு கூர்மையாகக் காட்டாது.

11. புகையோட நிறத்தை வெச்சுச் சொல்லிடலாமா?

ஓரளவு சொல்லலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கும். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு. டீசலில் சுமை ஏறும்போது ஒரு நொடி கறுப்பு வருவது இயல்பு, நிற்காமல் வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், சின்ன விஷயமாகக்கூட இருக்கும். டீசலில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் வெள்ளை வந்து ஓரிரு நிமிஷத்தில் நின்றால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை, கூடவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு என்றால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கும், அல்லது அதைவிடப் பெரிய கோளாறு.

12. டீசல் வண்டியில குறிப்பா எதையெல்லாம் நோண்டிப் பார்க்கணும்?

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி. எகிறிக் குதித்து, புகையும் பொசுபொசு என்று வந்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. அடுத்து, குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். டிப்ஸ்டிக் ஆயில் காபி நிறத்தில் கலங்கியிருந்தாலும் அதேதான்.

பம்ப்பின் உடம்பைத் துணியால் துடைத்துவிட்டு, அரை மணி ஓட்டிய பிறகு பாருங்கள். துடைத்த இடத்தில் மறுபடி டீசல் கசிந்தால் சீல் போயிருக்கிறது. ஆயில் அளவு கோட்டுக்கு மேலே ஏறி, டீசல் வாடை அடித்தால் டீசல் எங்கிருந்தோ உள்ளே இறங்குகிறது. முடிந்தால் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். சின்ன டீசலில் 350 முதல் 450 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம். அந்த எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பது முக்கியம். பெட்ரோல் வண்டிக்கான கேஜை டீசலில் மாட்டாதீர்கள், முள்ளு முறிந்துவிடும்.

13. பெட்ரோல் வண்டிக்கு?

புகையும் (11) ஆயில் மூடிச் சோதனையும் (12) அப்படியே பொருந்தும். கூடுதலாக எல்லா பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. கம்ப்ரஷன் பழைய வண்டிகளில் 100 பிஎஸ்ஐக்கு அக்கம்பக்கம் வரும். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஃபோர்டு 8என் பார்க்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஆரம்பகால வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) இன்ஜின் முகப்பில், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குள் இருக்கும் பாயிண்ட் பார்க்க விரல் ஒடியும். 1950இல்தான் பக்கவாட்டுக்கு வந்தது. மின்சாரம் 6 வோல்ட், அதுவும் பாஸிட்டிவ் எர்த். வழக்கம்போல் நெகட்டிவை பாடியில் மாட்டினால் தலைகீழாகிவிடும்.

14. ஹவர் மீட்டர் 800 மணிதான் காட்டுது. நம்பலாமா?

மீட்டரை மாற்ற அரை மணி போதும். கிளட்ச், பிரேக் மிதிகளின் வரிப்பள்ளத்தைப் பாருங்கள். 800 மணியில் அது வழுவழுவென்று ஆகாது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம், 2000க்குப் பிறகு வந்த டயர்களில் இந்த முறை. மீட்டர் 800 என்கிறது, டயரோ ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டிருக்கிறது என்றால் விளக்கம் கேளுங்கள். பழைய டிராக்டர்களில் மீட்டர் இன்ஜின் சுற்றை எண்ணித்தான் மணியாகக் காட்டும். மெதுவாக ஓட விட்டால் நிஜ மணியைவிடக் குறைவாகவே ஏறும்.

15. ரிப்பேர் நானே பார்த்துக்குவேன் அண்ணே. எது சுலபம்?

பெட்ரோல். சந்தேகமே வேண்டாம். பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டே கேள்வியில் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் போதும்.

டீசலில் தினசரிக் கோளாறு குறைவு, அது அதன் பெருமை. ஆனால் வந்தால் பம்ப்பையும் நாசிலையும் அவற்றைச் சோதிக்கும் பெஞ்ச் உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மைக்ரான் கணக்கில் பொருந்தும் பாகங்கள் அவை, வீட்டில் பிரித்தால் தூசியே கொன்றுவிடும். நாசில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது வரைக்கும் நாமே செய்யலாம்: ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாய் நட்டாகக் கொஞ்சம் தளர்த்தினால், நல்ல சிலிண்டரில் சத்தம் மாறி இன்ஜின் குலுங்கும்; மாறாத சிலிண்டர்தான் குற்றவாளி. கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை விலக்கி, துணி சுற்றிச் செய்யுங்கள். சின்ன டீசலிலும் நாசில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் அன்றைக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

16. டீசல் காலியாகி நடுக்காட்டுல நின்னுபோச்சு. ஊத்தியும் ஸ்டார்ட் ஆகலை.

ஏர் எடுத்துவிட்டது, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை நெம்புகோலால் பம்ப் அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்போது முறுக்குங்கள். பிறகு பம்ப்பில், கடைசியில் நாசில் நட்டில். பெட்ரோலில் இந்தப் பாடு இல்லை, ஊற்றினால் ஓடும்.

17. கேன் மாறி ஊத்திட்டா என்ன ஆகும்?

பெட்ரோல் வண்டியில் டீசல்: புகை தள்ளி நின்றுபோகும், பிளக் நனையும். டாங்க்கை இறக்கிக் கழுவினால் தீர்ந்தது. டீசல் வண்டியில் பெட்ரோல்: ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பம்ப்புக்கு ஆயில் போல மசகு தருவதே டீசல்தான், பெட்ரோலுக்கு அந்தக் குணம் இல்லை. பம்ப் உரசித் தேய்ந்துவிடும்.

18. ரெண்டு டாங்க் வெச்ச டிராக்டர் ஒண்ணு வருது, மண்ணெண்ணெய்ல ஓடுமாம். எடுக்கலாமா?

பிரிட்டனில் டிவிஓ என்று மண்ணெண்ணெய் ஜாதி எரிபொருள் ஒன்று விற்றது. சின்ன டாங்கில் பெட்ரோல், பெரிய டாங்கில் டிவிஓ. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மாற்றிவிட வேண்டும். ஃபெர்குசன் டிஇ20இலும் இப்படி ஒரு ரகம் உண்டு. முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டலாம். கம்ப்ரஷன் இன்னும் குறைவு என்பதால் சக்தி கொஞ்சம் கம்மி. மண்ணெண்ணெயில் ஓட்டினால் எரியாத மிச்சம் ரிங் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆசைக்கு வாங்கலாம், தினசரி வேலைக்கு வேண்டாம்.

19. புதுசா வந்த டீசல்ல 25 குதிரைசக்திக்கு மேல வாங்காதேன்னு ஒருத்தர் சொன்னார். ஏன்?

காரணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் டியர் 4 புகை விதியும் ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 புகை விதியும் 19 கிலோவாட்டில், அதாவது சுமார் 25 குதிரைசக்தியில் கோடு போடுகின்றன. அதற்கு மேலுள்ள டீசலில் கரித்துகள் கட்டுப்பாடு கடுமை. அமெரிக்காவில் அந்த வகுப்பில் 2013 வாக்கிலிருந்து வந்த பல வண்டிகளில் சைலன்சரோடு கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் புகையைக் கடுமையாகச் சூடாக்கி அதை எரிக்கும். நாள் முழுக்க இழுவை வேலை செய்தால் தொல்லை இல்லை. பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு எரித்து முடிக்கவே வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும். 5ஆம் கேள்வியில் 41 மணி ஓட்டிய நண்பர் மாதிரி ஆள் என்றால் இந்த வகை டீசல் ஆகவே ஆகாது.

20. பெட்ரோல் வண்டி சல்லிசா கெடைக்குது. இன்ஜினை மட்டும் டீசலா மாத்திடலாமா?

செய்தவர்கள் உண்டு. கிளட்ச் ஹவுசிங் பொருத்தம், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், முன் அச்சுக்கு ஏறும் எடை என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். பல டிராக்டர்களில் இன்ஜின்தான் வண்டியின் முதுகெலும்பே, அடியில் சேஸி கிடையாது. அதனால் பொருத்தம் ஒரு நூல் தவறினாலும் வண்டி நடுவில் முறுக்கும். நேரடியாக டீசல் வண்டியையே தேடுங்கள்.

21. கொட்டகைக்குள்ளயும் வேலை இருக்கு. எது பாதுகாப்பு?

தீ என்று பார்த்தால் டீசல். பெட்ரோல் உறைநிலைக்கு வெகு கீழேயும் பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அந்த அளவுக்கு ஆவி விடும். புகை என்று பார்த்தால் இரண்டுமே விஷம்தான், வகைதான் வேறு. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். மூடிய இடத்தில் வாடையில்லாமல் ஆளைச் சாய்க்கும். டீசல் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கதவைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

22. சாவியை அணைச்சாச்சு, டீசல் இன்ஜின் நிக்கவே மாட்டேங்குது!

பழைய டீசலில் சாவி விளக்குக்கும் செல்ஃபுக்கும்தான். நிறுத்த தனியாக ஒரு இழுகம்பி இருக்கும். அதை இழுத்தும் நிற்காமல் சுற்று ஏறிக்கொண்டே போனால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது. காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் வேண்டாம், இழுத்துக்கொள்ளும். அணுக முடியாத வேகத்தில் ஓடினால் விலகிவிடுங்கள். பார்க்கப் போன வண்டியில் இப்படி நடந்தால் பேரம் அதோடு முடிந்தது.

23. நல்லா இருக்கிற பெட்ரோல் ஒண்ணு, புகையுற டீசல் ஒண்ணு. ரெண்டும் ஒரே விலை. "பம்ப் மட்டும் பார்த்தா போதும்"கிறார் டீசல்காரர்.

பம்ப் மட்டும் பார்த்தால் போதும் என்றால் அவரே பார்த்துவிட்டு நல்ல விலைக்கு விற்றிருப்பாரே! அவரிடம் பேசுவதற்கு முன் பம்ப் கடையில் இரண்டு விலை கேளுங்கள்: பம்ப் வேலைக்கு, நாசில் செட்டுக்கு. இன்ஜின் கடையில் ஒன்று: பிஸ்டன், லைனர், ரிங் போட. மூன்றையும் கூட்டி அவர் சொல்லும் விலையோடு சேருங்கள். அந்தத் தொகைக்கு ஓடுகிற நல்ல டீசல் கிடைக்குமா என்று பாருங்கள்; அனேகமாகக் கிடைக்கும். ஆகவே இந்த இரண்டில் ஒன்று என்றால், 200 மணிக்கு மேல் ஓட்டுகிறவராக இருந்தாலும் நான் பெட்ரோலைத்தான் எடுப்பேன், அல்லது வெறுங்கையோடு திரும்புவேன். டீசல் திரும்ப விற்கும்போது சீக்கிரம் விலை போகும் என்று சொல்வார்களே, அதுவும் ஓடும் டீசலுக்குத்தான் பொருந்தும்.

24. வாங்கி வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், கூலண்ட் நாலையும் மாற்றுங்கள். முன்னவர் எப்போது மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்கிறது. புது ஃபில்டர் மேல் தேதியையும் மீட்டர் மணியையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். டீசலானால் டாங்க் மூடி மேலும் "டீசல்" என்று பெரிதாக.